நோயுள்ள இறால் இங்கே பெற்றுக்கொள்ளப்படும்

முனைவர் பட்டம் வாங்கியவர்களில் முட்டாள்களும் உண்டா என்று யாராவது கேட்டால், முதல் ஆளாக நான் கையைத் தூக்குவேன். சாட்சி சொல்லப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருபது பேர் இருக்கிறார்கள்.

இறாலின் ரத்த அணுக்கள் நோய்க்கிருமியை எப்படி எதிர்க்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. கிருமி உள்ளே நுழைந்தால் அணுக்கள் ஓடிவந்து விழுங்கும். விழுங்க முடியாவிட்டால் கூட்டமாகச் சுற்றி வளைத்து மூடிவிடும். காட்டூரில் நெல் பயிரிடும் என் நைனாவுக்கு இதைப் பெருமையாக விளக்கினேன். "நெல்லும் சும்மா இல்ல நைனா. இலையில நோய் வந்த இடத்தைச் சுத்தி இருக்கிற செல்லுங்க தானே செத்து, நோய் பரவாம தடுக்கும்" என்றேன்.

"அதுங்களே பாத்துக்கும்னா, நான் இன்னாத்துக்கு மருந்து அடிக்கிறேன்?" என்றார் நைனா.

அந்த நைனாவுக்கு இறால் ஆகாது. ஒன்று தின்றாலும் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். அதனால் ஏரிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் வீட்டில் இறால் சமைத்ததே இல்லை. நானும் தின்றதில்லை. ஆராய்ச்சிக்காக இறாலை அறுக்கும் நாட்களில், கையுறைக்கு மேலே என் மணிக்கட்டும் அரிக்கும். உப்புத் தண்ணீர் சேரவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வேன். (ஆராய்ச்சித் தலைப்பு: நோய் எதிர்ப்பாற்றல்!)

எனக்கு இறால் பிடித்துக் கொடுத்தவர் கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த மல்லிகா அக்கா. வலை கிடையாது, படகு கிடையாது. பனையோலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றுத் தண்ணீருக்குள் உட்கார்ந்து நகர்ந்தபடியே இரண்டு கையாலும் தடவிப் பிடிப்பார். வாயில் பறி இருப்பதால் தண்ணீரில் பேச முடியாது. அந்தப் பாக்கியையெல்லாம் கரையேறியதும் சேர்த்துப் பேசித் தீர்ப்பார்.

எனக்குத் தேவை நோயுள்ள இறால். மூன்று மாதம் கேட்டேன். மூன்று மாதமும் முதல் தரமான, துள்ளுகிற இறாலாகவே வந்தது. தொட்டதுமே சோர்ந்த இறாலைக் கண்டுபிடித்து ஏரியிலேயே விட்டுவிடும் விரல்கள் அவை. "கேட்டு வந்தவளுக்கு அழுவலைக் குடுக்கிறதா? நாங்க இன்னா அப்பேர்ப்பட்டவங்களா?" என்று கோபித்துக்கொண்டார் அக்கா. அதிலேயே கொஞ்சம் மந்தமானதை நோயுள்ளது என்று நானாகப் பிரித்துக்கொண்டதால், என் நோட்டுப் புத்தகத்தில் நோயுள்ள இறாலுக்கும் இல்லாத இறாலுக்கும் இம்மி வித்தியாசமில்லை. பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ஊருக்குத் திரும்பும் ரயிலில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. (அனுப்பம்பட்டு ஸ்டேஷன் தாண்டும்போது உதித்தது. அங்கேயே இறக்கி விட்டிருக்கலாம்.) ஒரு பலகை வாங்கி, சிவப்புப் பெயின்டில் 'நோயுள்ள இறால் இங்கே பெற்றுக்கொள்ளப்படும்' என்று முத்து முத்தாக எழுதி, மறுநாள் விடியற்காலையில் கரையில் நட்டுவைத்தேன். பெண்கள் இறாலை எடை போடுகிற அதே இடத்தில். வெள்ளைக் கோட்டு, கையுறை, முகக்கவசம் சகிதம் பலகைக்குப் பக்கத்தில் நின்றும்கொண்டேன்.

ஐஸ் பெட்டிகளுடன் வியாபாரியின் வண்டி வந்தது. அவர் இறங்கினார், பலகையைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

"அண்ணே, எடை போடல?" என்றார் மல்லிகா அக்கா.

"நோய் சரக்கைத்தான் இங்க எடுக்கிறாங்கனு போர்டே வெச்சிருக்காங்களே. எனக்கு வேணாம்மா."

இருபது பெண்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். விடியும் முன்பிருந்து தண்ணீரில் கிடந்து பிடித்த இறால். வெயில் ஏறினால் வீணாகிவிடும். வேறு வண்டியும் கிடையாது.

"சார், பயப்படாதீங்க. இது மனுஷங்களை ஒண்ணும் பண்ணாது. சாதாரண வைரஸ்தான்" என்றேன். 'வைரஸ்' என்றதும் அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மல்லிகா அக்கா என் எதிரே வந்து நின்றார். "ஒண்ணும் பண்ணாதுனு சொல்ற இல்ல? அப்ப நீ துன்னு காட்டு."

மூன்று கல் கூட்டினார்கள். அவருடைய பறியிலிருந்தே அள்ளி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்தார்கள். வியாபாரி பார்க்க, ஊரே பார்க்க, நான் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு என் வாழ்க்கையின் முதல் இறாலைத் தின்றேன்.

அப்படி ஒரு ருசி! இத்தனை நாளாக இதை வெறுமனே ஊசியால் குத்திக்கொண்டிருந்தேனே என்று வருத்தமாக இருந்தது. ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஆறு தின்றேன். ஏழாவதைக் கையில் பிடித்தபடி, "பாருங்க சார், எனக்கு ஏதாவது ஆச்சா?" என்று சொற்பொழிவு ஆரம்பித்தேன்.

ஆனது. உதடு தடித்தது. கன்னம் உப்பியது. கண் இரண்டும் கோடாகச் சுருங்கின. கழுத்திலிருந்து கைவரை சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. கூட்டத்தில் ஒரு பெண் அலறினார். வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. இந்தப் பெண்களின் ஒருநாள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தபோது, வீங்கிய கண்ணிலும் தண்ணீர் வந்தது.

மல்லிகா அக்கா வண்டிக்கு முன்னால் சட்டியோடு போய் நின்றார். ஒன்றை எடுத்துத் தின்றார். "எல்லாரும் வந்து துன்னுங்கடி" என்றார். ஒருவர் விடாமல் தின்றார்கள்.

"ஒரே சட்டிண்ணே. இருபது பேரு துன்னோம். வீங்குனது இவ ஒருத்திதான். கோளாறு இறால்லயா, இவகிட்டயா?"

வியாபாரி யோசித்தார். இருபது முகத்தையும் பார்த்தார், பிறகு என்னுடையதைப் பார்த்தார். இறங்கி வந்து தானும் ஒன்றைத் தின்றுவிட்டுத் தராசை எடுத்தார்.

மூன்று மாதத்தில் நான் ஒழுங்காகச் செய்யாத பரிசோதனையை, மல்லிகா அக்கா ஒரு சட்டியை வைத்து முடித்துவிட்டார். தன் பறியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, என்னை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவரேதான். ஊசி போட்டு மூச்சு சீரானதும் கேட்டார். "உங்க நைனாவுக்கு இறாலு ஆவாதுனு நீதானே சொன்ன? அப்ப உனக்கு எப்படி ஆவும்? இத்த நான் சொல்லணுமா? இன்னாத்ததான் படிக்கிற நீ?"

பேராசிரியரிடம்கூட நான் அப்படித் தலைகுனிந்ததில்லை.

அதற்குப் பிறகு சோர்ந்த இறால்கள் தனிப் பையில் கட்டி எனக்கு வந்து சேர்ந்தன. "பாவம், நோய்க்கு நோய்தான் துணை" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாராம். ஆராய்ச்சியும் ஒருவழியாக முடிந்தது. பலகையை அவர் தண்ணீர் டிரம்முக்கு மூடியாக்கிக்கொண்டார். பொன்னேரியில் நடந்த என் கல்யாணத்துக்கு, கழுவித் துடைத்துப் பூச்சுற்றி அதையே பரிசாகக் கொண்டுவந்தார். மொய் எழுதும் மேசைக்கு மேலே என் நைனாவே அதை மாட்டிவிட்டார்.

இப்போது அது எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் என் கணவர் நடித்தே காட்டுவார், கன்னத்தை உப்பிக்கொண்டு. ஏரியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். பக்கத்து வீட்டில் இறால் வேகிற வாசனை வந்தால் மணிக்கட்டு அரிப்பது போலிருக்கும். ஜன்னலைச் சாத்தத்தான் வேண்டும். கொஞ்ச நேரம் கழித்தே சாத்துகிறேன். பிறகு மல்லிகா அக்காவுக்குப் போன் போடுகிறேன்.

அவர் ஹலோ சொல்வதில்லை. "இன்னா பாப்பா, அரிக்குதா?" என்றுதான் எடுப்பார்.