என் பேரில் எழுதிய கார்

பலேர்மோ
14.05.1998

அன்புள்ள தங்கச்சி மரியமலருக்கு,

மடு மாதாவின் நிழலில் மன்னாரில் நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க வேண்டி அக்கா லூர்தம்மா எழுதுவது. இங்கு என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

பேத்தி யூலியானா இத்தாலியன் பாடத்தில் இத்தாலியன் பிள்ளைகளையே முந்திவிட்டாள். கோயில் பாடகர் குழுவிலும் முன்வரிசை. பேரன் கிரிசாந் போன வருடம் பதினெட்டு முடிந்த கையோடு கார் லைசென்ஸ் எடுத்தான். கூடப்போன பதினொரு பேரில் ஏழு பேர் பெயில், இவன் முதல்தரமே பாஸ். ஐந்தாம் வகுப்பையே இரண்டுதரம் படித்த எனக்கு இப்படியொரு பேரன்.

லைசென்ஸ் எடுத்தவனுக்கு மொண்டெல்லோ கடற்கரைச் சாப்பாட்டுக்கடையில் வேலை கிடைத்தது. வேலை முடியுமுன்னே கடைசி பஸ் போய்விடும் என்று மகன் ஏர்னஸ்ற் பழைய வெள்ளை பியட் ஒன்று வாங்கினான். பார்த்தால், பதினெட்டு வயதுப் பிள்ளை ஓட்டுவதென்றால் இன்சூரன்ஸ் காரின் விலையைவிடக் கூட. "காரை வித்துப்போட்டு வேலையை விடட்டும்" என்று ஏர்னஸ்ற் சொல்ல, பிள்ளை சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். அப்போதுதான் பங்கில் எல்லாருக்கும் பத்திரம் நிரப்பிக்கொடுக்கிற சுவாம்பிள்ளை வந்து, "அக்கா, காரை உங்கட பேரிலை எழுதுவம். இருபத்தாறு வயசுக்கு மேற்பட்ட ஆக்கள்தான் ஓடுவினம் எண்டு சொன்னால் அரைவாசிதான் வரும். நீங்கள் தலையை ஆட்டிப்போட்டுக் கையெழுத்தை வையுங்கோ, வாயை மட்டும் திறக்காதேங்கோ" என்றார். வாயைத் திறக்காமலிருக்கிற வேலையை என்னிடம் போய்க் கொடுத்தார்களே, பிழை அங்கேதான் தொடங்கியது.

எனக்கு ஒரு யோசனை. நல்ல பிள்ளைக்கு ஏன் இவர்கள் கூடக் காசு கேட்கிறார்கள்? அவனைத் தெரியாததால்தானே! ஊரில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் நற்சான்றிதழோடுதானே போவோம். ஆகவே பெருநாள் சேலையை உடுத்திக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் அவனுடைய பத்திரம் எல்லாவற்றையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏர்னஸ்றோடும் கிரிசாந்தோடும் இன்சூரன்ஸ் கந்தோருக்குப் போனேன். இன்சூரன்ஸ்காரர் "யார் ஓட்டுவது?" என்று கேட்க, ஏர்னஸ்ற் "நான்தான்" என்றான். உடனே நான் ஞானஸ்நானப் பத்திரம், மறைக்கல்வி முதற்பரிசு, பங்குச் சாமியார் கொடுத்த நற்சான்றிதழ், பள்ளிக்கூடச் சாக்கோட்டத்தில் மூன்றாமிடம் வந்த சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினேன். அந்த மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாக்கோட்டத்தை இரண்டுதரம் வாசித்தார்.

"அப்பம்மா, எடுங்கோ, எடுங்கோ!" என்று கிரிசாந் என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"பொறடா. ஒவ்வொரு நாளும் ஓடப்போறது நீதானே. அதுக்கேற்ற மாதிரி இன்னும் குறைக்கச் சொல்லிச் சொல்லு."

அவன் மொழிபெயர்க்கவில்லை. அதனால் நானே இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடித்துத் திருப்பிக் காட்டி, விரலை அவன் பக்கம் நீட்டினேன். இத்தனை வருடத்தில் நான் சொன்னது ஒரு இத்தாலியனுக்கு முழுதாக விளங்கியது அன்றைக்குத்தான். எழுதியதை வெட்டிவிட்டு முழுக்காசையும் எழுதினார். கார் மட்டும் என் பேரிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, நீங்கள் ஐஞ்சாம் வகுப்போடை நிண்டது நல்லது. ஆறு படிச்சிருந்தால் எங்களை மறியல் வீட்டுக்கே அனுப்பியிருப்பியள்" என்றான் ஏர்னஸ்ற். நான் பத்திரங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஒரு வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் ஓடினால் அடுத்த வருடம் குறையும் என்று மட்டும் அந்த மனிதர் சொல்லியிருந்தார். அன்று தொடங்கி, வேலைக்குப் போகக் கார், காருக்கு இன்சூரன்ஸ் கட்ட வேலை என்று பிள்ளை ஓடுகிறான். வெஸ்பாக்காரர் எல்லாம் பின்னால் கோன் அடித்துத் திட்டுமளவுக்கு மெதுவாக ஓடுகிறான். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அந்த வருடம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, காரில் ஒரு கீறல் கிடையாது. நான் வாயால் கெடுத்ததைப் பிள்ளை கையால் சரிக்கட்டிவிட்டான். இனி இந்தக் கார் விஷயத்தில் தலைபோடுவதில்லை என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாருடைய தலையிலும் என் கையை வைத்து ஆசீர்வதித்ததாக நினைத்துக்கொள்.

உன் அக்கா,
லூர்தம்மா

பி.கு: இந்தக் கடிதம் தபாலில் போடாமல் ஒரு கிழமை கிடந்தது. என் பேரில் உள்ள காரில் நானே ஓட்டுகிற மாதிரி ஒரு படம் எடுத்து உனக்கு வைப்போம் என்று ஆசைப்பட்டேன். யூலியானா கமராவைப் பிடிக்க, நான் ஏறியிருந்து, சேலைக்கு இடைஞ்சலாக இருந்த தடியொன்றைக் கீழே அமத்தினேன். அது கைப்பிரேக்காம். எங்கள் றோட்டு சரிவு. கார் ஆறுதலாக இறங்கிப்போய்க் கீழ்வீட்டு இத்தாலியக்காரி சிஞ்ஞோராவின் புதுக்காரின் விளக்கில் முட்டி நின்றது. இன்சூரன்ஸுக்கு அனுப்பும் விபத்துப் பத்திரத்தில் ஓட்டியவர் பெயர் கேட்டிருந்தது. "என்ரை பேரைப் போடுங்கோ அப்பா, அப்பம்மா பாவம்" என்றான் கிரிசாந். நான் விடவில்லை, என் பெயரை நானே எழுதினேன். வருகிற வருடம் இன்சூரன்ஸ் குறையாது, கூடுமாம். பிள்ளை "பரவாயில்லை, அப்பம்மா" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேலையும் கேட்டு வாங்கியிருக்கிறான்.

படம் கழுவி வந்துவிட்டது. என் சேலையும் சிரிப்பும் நல்ல தெளிவு. அனுப்பமாட்டேன். நீ உன் பேரப்பிள்ளைகளின் புதுப்படம் ஒன்று தபாலில் போடு. ஒருவரும் எதிலும் ஏறியிராத படமாகப் பார்த்துப் போடு.