றொகான் பாஸ் ஏசவில்லை

றொகான் கடற்கரையில் நடக்கத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவரைக் காப்பாற்ற ஆள் வந்துவிட்டது.

“மச்சான், நில்லு! தண்ணிப் பக்கம் போகாதே!”

ஆலங்குடாக் கரையில் காலைக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளால் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க ஓடிவந்தார் பக்கத்து வீட்டு அபூசாலி. கருவாட்டு வியாபாரி. கடையில் கதிரையை விட்டு எழும்பவே யோசிக்கிற உடம்பு. அவர் ஓடியதை ஊர் இதுவரை கண்டதில்லை.

“என்ன மச்சான், ஏன் ஓடி வாறாய்?”

“அத நீதான் சொல்லணும். என்ட பொண்டாட்டி ஹவ்வா ஜன்னலால பாத்துட்டு நிண்டு அழுவுறா. ‘உங்கட கூட்டாளி கடலப் பாத்துத் தனியாக் கதைச்சிக்கிட்டுப் போறார், ஓடிப் போய்ப் புடிங்க’ண்டு என்னைத் தொரத்திட்டா. என்ன கவலை ஒனக்கு?”

“கவலையா? சும்மா நடக்கிறன்.”

“சும்மாவா?” அபூசாலியின் முகம் இன்னும் கலவரமாகியது. “இந்தக் காத்துல சும்மா வாறதுக்கு நீ என்ன வெள்ளைக்காரனா?”

றொகானால் அதற்கு மேல் வாய் திறக்க முடியவில்லை. திறந்தால் நேர்ச்சை முறிந்துவிடும்.

அந்தக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவர்களில் றொகான் பாஸைப் போல் கைராசிக்காரர் இல்லை. வாய்தான் பொல்லாதது. எஞ்சினைக் கொண்டுவருகிறவன் முதலில் ஏச்சு வாங்க வேண்டும், பிறகுதான் எஞ்சின் மூடி திறக்கும். போன மாதம் கோவிலில் நடந்த தியானத்தில் ஃபாதர் நிலுக்சன் பேசியது அவரைச் சுட்டுவிட்டது.

“உடம்பும் மனசும் ஆன்மாவும் ஆண்டவர் தந்ததுதான். மூண்டையும் பாத்துக்கொள்ளுறதும் ஜெபம்தான். ஆனா செய்யிறதை ஊருக்குக் காட்டிக்கொண்டு செய்யாதேங்க.”

உடம்பைப் பற்றி யோசித்து, றொகான் முன்னுக்குத் தள்ளிய தன் தொப்பை வண்டியைக் குனிந்து பார்த்தார். மனசைப் பற்றி யோசித்தபோது, அன்று காலை தான் போட்ட சத்தத்தில் மனைவி ஜெசிந்தா கையிலிருந்த மிளகாய்த்தூள் போத்தலைத் தவறவிட்டது நினைவுக்கு வந்தது. சண்டை அவளோடுகூட அல்ல, ஒரு துருப்பிடித்த ஆணியோடு. ஆனாலும் அவள் நடுங்கிய நடுக்கம் அவருக்குள் முள்ளாகக் குத்தியது. ஆன்மாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. செபமாலை சொல்ல உட்கார்ந்தால் ஐந்து தேவ இரகசியங்களில் இரண்டாவதிலேயே குறட்டை கேட்கும்.

தலவில அன்னம்மாள் பெருநாள் வரை மூன்றையும் ஒரேயடியாகத் திருத்துவது என்று நேர்ந்துகொண்டார். காலையில் நடை. நடக்கும்போதே செபமாலை. கோபம் வந்தால் வாயை மூடுவது. யாருக்கும் சொல்வதில்லை, ஜெசிந்தாவுக்கும்கூட.

இப்போது பக்கத்தில் அபூசாலி நடந்தார். விட்டுப்போக மறுத்தார். கருவாட்டு விலை, மருமகனின் வேன், முழங்கால் நோ என்று கதை நீண்டது. சட்டைப்பைக்குள் றொகானின் விரல்கள் மணியை விட்டு மணி தடுமாறின. ஒரே அருள்நிறை மந்திரத்தை எத்தனை தடவை சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

“நாளைக்கும் வருவேன். ஒன்னைத் தனிய உட மாட்டேன்,” என்றார் அபூசாலி.

சொன்னபடியே தினமும் வந்தார்.

இந்தக் காவலிலிருந்து தப்ப றொகான் நடையைப் பின்னேரத்துக்கு மாற்றினார். அதுவே பெரிய பிழையாகிவிட்டது. பின்னேரம் கரை முழுக்க ஆட்கள். பட்டத்தோடு கடலில் சறுக்குகிற வெளிநாட்டார், அவர்களை வேடிக்கை பார்க்கிறவர்கள், வலை தைக்கிறவர்கள். அபூசாலி அப்போதும் கூடவே வந்து, எல்லோரிடமும் குரலைத் தாழ்த்தி, “பாஸ் மேல ஒரு கண் வெச்சிக்கங்க,” என்று சொல்லிவைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மீனவர் உசனார் தன் படகு எஞ்சினை றொகான் வீட்டு முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பாஸ், ஒயில் முடிஞ்சி போச்சி. அவசரத்துக்கு வீட்ல இருந்த தேங்காயெண்ணெய ஊத்திட்டன்.”

றொகானின் காது மடல் சிவந்தது. நெற்றி நரம்பு எழும்பியது. உசனார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏச்சுக்குத் தயாரானார்.

“பரவாயில்ல,” என்றார் றொகான். “மனிசன் எண்டாப் பிழை விடுவான்தானே. வச்சிட்டுப் போங்க, செய்து தாறன்.”

உசனார் ஒரு கண்ணைத் திறந்தார்.

“பாஸ்... ஏச மாட்டீங்களா?”

“இல்லை.”

“கொஞ்சமாவது?”

“போயிட்டு வாங்க, உசனார்.”

உசனார் எஞ்சினைப் போட்டுவிட்டு நேரே ஜெசிந்தாவிடம் ஓடினார். “தங்கச்சி, தேங்காயெண்ணெய் ஊத்தினண்டு சொன்னன், பரவாயில்லண்டு சொல்றார். உடனே டொக்டரிட்டக் காட்டுங்க.”

ஜெசிந்தா ஏற்கெனவே கலங்கிப்போய்த்தான் இருந்தாள். சீனி போடாத தேத்தண்ணி கேட்கிறார். இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்கிறார். அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் நேராகவே கேட்டாள்.

“டொக்டர் ஏதும் சொன்னவரா? எனக்கு மறைக்காதேங்க.”

“ஐயோ, ஒண்டுமில்லை ஜெசிந்தா.”

அவளைச் சமாதானப்படுத்த நினைத்த றொகான் ஒரு வேலை செய்தார். “இண்டைக்கு மீன் குழம்பு நல்ல ருசி,” என்று சொல்லிவிட்டு, தன் சோற்றுக் கோப்பையைத் தானே கழுவிவைத்தார்.

ஜெசிந்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவர் குழம்பைப் புகழ்ந்ததும் இல்லை, கோப்பை கழுவியதும் இல்லை. போகப்போகிற மனுசன்தான் இப்படி நடந்துகொள்வான்.

மறுநாள் ஊர் முழுக்கச் செய்தி பரவியது. கோவில் வாட்சப் குழுவில் அவருக்காகச் செபிக்கச் சொல்லி குரல்பதிவு வந்தது. பள்ளிவாசல் முன்னால் சலாம் சொன்னவர்கள் அவர் கையை வழமையைவிட நெடுநேரம் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வீடுகளிலிருந்து சூப் வந்தது.

‘முகத்தைச் சந்தோசமாக வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்,’ என்று றொகான் நினைத்தார். அன்று பின்னேரம் கரையில் எதிரே வந்தவர்களையெல்லாம் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். கையசைத்தார். பட்டக்காரர்களுக்கும் கையசைத்தார்.

“தலைக்கு ஏறிட்டுது,” என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

திரும்பிப் பார்த்தார். முதலில் அபூசாலி. அவருக்குப் பின்னால் உசனார், கண் வீங்கிய ஜெசிந்தா, அவள் கையைப் பிடித்தபடி ஹவ்வா உம்மா. அதற்கும் பின்னால் பாதி ஊர். பெருநாள் சுற்றுப்பிரகாரம் போல வந்துகொண்டிருந்தது. றொகான் வேகமாக நடந்தார். ஊரும் வேகமாக நடந்தது. அவர் நின்றார். ஊரும் நின்றது.

அப்போது மணலில் வழுக்கி வழுக்கி ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஃபாதர் நிலுக்சன் இறங்கினார். கையில் நோயாளிகளுக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழ்.

“பாஸ், பயப்படாதேங்க,” என்றார் மெதுவாக. “ஆண்டவர் பக்கத்தில இருக்கிறார். இப்பிடி இருங்க.”

அவ்வளவுதான். இத்தனை நாள் விழுங்கிய ஏச்செல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

“ஃபாதர்! நீங்க சொன்னதைத்தானே நேர்ச்சை வச்சுச் செய்தன்! உடம்பைப் பார், மனசைப் பார், ஆன்மாவைப் பார், ஒருத்தருக்கும் காட்டாதே எண்டு நீங்கதானே சொன்னீங்க! ஒரு மனிசன் நிம்மதியா ஒரு செபமாலை சொல்ல ஏலாதா இந்த ஊரில? டேய் அபூசாலி, உன்ர முழங்கால் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு முழங்கால் நோகுது! உசனார்! எஞ்சினுக்குத் தேங்காயெண்ணெய் ஊத்த அது என்ன, உன்ர தலையா?”

உசனார் இரண்டு கையையும் உயர்த்தினார்.

“ஏசிட்டார்! பாஸ் ஏசிட்டார்! சுகமாகிட்டுது!”

கரை முழுக்கக் கைதட்டல். ஜெசிந்தா அழுதுகொண்டே சிரித்தாள். “இதை எனக்காவது சொல்லியிருக்கலாம்தானே,” என்று அவர் தோளில் ஒரு அடி போட்டாள். “அப்ப அந்தக் குழம்பு?”

“அது உண்மையிலேயே ருசிதான்.”

ஃபாதர் எண்ணெய்ச் சிமிழை அவசரமாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். “நேர்ச்சை முறியேல்ல பாஸ். நாளைக்குத் திரும்பத் தொடங்குங்க. இனி ஜெசிந்தாவும் சேர்ந்து நடக்கட்டும்.”

எல்லோரும் றொகான் வீட்டுக்கே வந்தார்கள். வந்த சூப் எல்லாம் அடுப்பில் ஏறியது. முற்றத்தில் கதிரை போதாமல் சிலர் திருத்த வந்த எஞ்சின்களின் மேலேயே உட்கார்ந்தார்கள். அபூசாலி கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ், என்ட கூட்டாளி தப்பிட்டான். நாளையில இருந்து நான் நிம்மதியாக் கடையில குந்துவேன்,” என்றார்.

றொகான் குசினிப் பக்கம் போனார். அங்கே ஹவ்வா உம்மா தனியே நின்று கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ராத்தா, என்னால உங்களுக்கும் வீண் கவலை. ஜன்னலால பாத்து அழுதீங்களாம். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

ஹவ்வா உம்மா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“மன்னார்ல வேதக்கார ஊட்டுக்குப் பக்கத்துல வளந்தவளுக்கு செபமாலை சொல்ற வாய் தெரியாதா தம்பி? ஒடம்புல சீனி ஏறிட்டுது, நடங்கண்டு டொக்டர் தலையால அடிச்சும் எழும்பாத எங்கட மனிசன், கூட்டாளி கடல்ல குதிக்கப் போறார்ண்டு சொன்னதாலதானே இவ்வளவு நாள் நடந்தார். அதால நாளைக்கும் கொஞ்சம் முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டே போங்க!”