பூஜ்ஜியம் எண் திரை

"திரையைத் திறக்க முடியவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது" என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னபோது வரைபடக்காரருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

"இன்னுமா தொறக்கல?" பக்கத்து மேசையிலிருந்து, அலுவலகக் கணக்கு எழுதும் கணக்கு அக்கா எட்டிப் பார்த்தார்.

"வாசல்லயே நிக்க வெச்சிருக்குக்கா. உள்ள விடமாட்டேங்குது."

பேருந்து நிறுத்தங்களில் மாட்டும் வழித்தட வரைபடங்களை வரைந்து கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. பலம் வாய்ந்த கம்ப்யூட்டர் அங்கே ஒன்றே ஒன்றுதான். லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட அந்த இயந்திரம் மேனேஜர் அறையில், அவருடைய மேசைக்கடியில் இருந்தது. அவர் மேசைமேல் இருந்த திரை அதோடு நேராக இணைந்தது. மற்றவர்கள் தங்கள் இடத்திலிருந்தே கம்பி வழியாக அதற்குள் நுழைந்து வேலை பார்ப்பார்கள். வேலை அங்கே நடக்கும், படம் இங்கே தெரியும்.

ஆனால் வரைபடக்காரர் இன்று திறக்கப் பார்த்தது வரைபடம் அல்ல, ஒரு வழியனுப்புப் பதாகை. அலுவலக வண்டியின் டிரைவர் இன்று மாலையோடு ஓய்வு பெறுகிறார்.

அந்த அலுவலகத்தில் ஓய்வு பெறுகிறவர்களை யாரும் வழியனுப்புவதில்லை. முன்பு கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள், "இன்னும் ஆளைக் காணோமே" என்று மேனேஜர் கத்தியபோதுதான் அவர் ஓய்வு பெற்றது எல்லோருக்கும் உறைத்தது. டிரைவரும் அப்படிப் போய்விடக்கூடாது. வரைபடக்காரரின் மனைவிக்குப் பிரசவ வலி வந்த அன்று மேனேஜர் வண்டி தர மறுத்துவிட்டார். டிரைவர்தான், "டயர் பஞ்சர் சார், ஒட்டிட்டு வந்துடறேன்" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த மனிதருக்கு ஒரு நன்றியாவது சொல்லாமல் விட்டால் பிறகு சோறு எப்படி இறங்கும்?

அதனால் வீட்டிலேயே உட்கார்ந்து பதாகையை வரைந்து எடுத்து வந்திருந்தார். "இத்தனை வருடம் எங்களுக்காக உழைத்தீர்கள். நன்றி. இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள். போய் வாருங்கள்! அன்புடன், அலுவலக நண்பர்கள் அனைவரும்." பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. காரணம் சொன்னால் வெட்கக்கேடு. டிரைவரின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.

"சம்பளமெல்லாம் தலைமை ஆபீஸ்ல போடறாங்க. எனக்கும் அவர் டிரைவர்தான்" என்று கணக்கு அக்கா கையை விரித்துவிட்டார்.

"அவர்கிட்டயே கேட்டுடலாமா?"

"இத்தனை வருஷம் வண்டில உக்காந்துட்டுப் போயிட்டு, இன்னைக்குப் பேரு கேக்கறதா? நல்லாவா இருக்கும்?"

நன்றாக இருக்காதுதான். பெயருக்கு விட்ட இடத்தை நீக்கிவிட்டு, பெரிய தாளில் அச்சடித்தால் முடிந்தது. ஆனால் வரைபடக்காரருக்கு மனச்சாட்சி கொஞ்சம் அதிகம். சொந்த வேலையை அலுவலகத்தின் லாகின் கணக்கில் செய்யக் கூடாதென்று அந்த இயந்திரத்தில் தனக்கென்று இன்னொரு லாகின் கணக்கு வைத்திருந்தார். அலுவலகக் கணக்கில் நுழைந்து, உள்ளேயே அந்தக் கணக்குக்கு மாறினார். அங்கேதான் வினை. திரை அலுவலகக் கணக்குக்குச் சொந்தம், நீ யாரென்றே எனக்குத் தெரியாது என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பேசாம ஆபீஸ் கணக்குலயே தொறந்துடேன் தம்பி."

"வேணாங்க்கா, மேனேஜர் பார்த்தார்னா?"

நேர்மைக்கும் பயத்துக்கும் நடுவே இணையத்தில் தேடினார். கட்டளைக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் இயந்திரத்துக்கே எஜமான் ஆகிவிடலாம் என்று எழுதியிருந்தது. சேர்த்தார். எஜமானும் ஆனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை. எஜமானுக்கும் அனுமதி இல்லை என்றது திரை. அதோடு போனதா? இந்தக் கலாட்டாவில் திரைக்கான அனுமதிச்சீட்டு எஜமான் பெயருக்கு மாறிப்போய், காலையில் சமர்த்தாகத் திறந்துகொண்டிருந்த வழித்தட வரைபடமும் திறக்க மறுத்தது.

"இருந்ததும் போச்சா?" என்றார் அக்கா.

"போச்சுக்கா."

இணையத்தில் இன்னொரு புண்ணியவான், "திரையின் எண்ணைப் பூஜ்ஜியம் என்று கொடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும்" என்று எழுதியிருந்தான். கீழே பலர் அவனுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கொடுத்தார். "அனுமதி மறுக்கப்பட்டது." அதற்கும் ஒருவன் மருந்து வைத்திருந்தான். யார் வந்தாலும் திரையைத் திறந்துவிடு என்று உத்தரவு போட்டுவிட வேண்டுமாம். பாதுகாப்புக்கு நல்லதில்லை என்றும் எழுதியிருந்தான். தலைக்குமேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? போட்டார்.

இந்த முறை திட்டு விழவில்லை. படமும் வரவில்லை. கம்ப்யூட்டர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

"திட்டலைன்னா நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லி, அதே கட்டளையை மறுபடி கொடுத்தார். பிறகு மறுபடியும்.

மேனேஜர் அறைக் கதவு திறந்தது. வரைபடக்காரர் அவசரமாகத் திரையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேனேஜர் வாசலில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் கேட்காமலே உள்ளே போய்விட்டார்.

"கண்டுபிடிச்சிட்டாரோ?"

"கண்டுபிடிச்சா கத்தியிருப்பாரே" என்றார் அக்கா. அது நியாயமான பேச்சு.

கொஞ்ச நேரம் விட்டு இன்னும் இரண்டு முறை முயன்றார். மேனேஜர் திரும்பவும் வந்தார். கையில் பிஸ்கட் டப்பா. யாருக்கும் ஒன்றுகூடக் கொடுத்தறியாத டப்பா அது. மேசை மேசையாக நீட்டினார்.

"எடுத்துக்கப்பா. பையன் எப்படி இருக்கான்?"

தனக்குப் பையன் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே வரைபடக்காரருக்கு இன்றுதான் தெரிந்தது. "நல்லாருக்கான் சார்" என்றார்.

"அன்னைக்கு உனக்கு வண்டி தரலை. தந்திருக்கணும்." மேனேஜரின் குரல் இறங்கியிருந்தது. "நான் எல்லார் மேலயும் ரொம்பக் கத்திட்டேன், இல்ல?"

என்ன பதில் சொல்வது? இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் வேலை போய்விடும். வரைபடக்காரர் பிஸ்கட்டைக் கடித்தார்.

அவர் போனதும் அக்கா கிசுகிசுத்தார். "மனுஷனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்ல புத்தி வந்திருக்குக்கா. அதுக்கும் ஒரு நாள் வரணுமில்ல?" இத்தனை நாள் இவரை ராட்சசன் என்று வீட்டில் வர்ணித்ததெல்லாம் பாவமோ என்றுகூட வரைபடக்காரருக்குத் தோன்றியது.

ஆனால் வேலை நடக்க வேண்டுமே. கடைசி அஸ்திரமாக, திரை முழுவதையும் நிரப்பித் திற, எல்லாவற்றுக்கும் மேலே நில் என்று சேர்த்துக் கட்டளை கொடுத்தார். இங்கே ஒன்றும் அசையவில்லை. அங்கே மேனேஜர் அறையில் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரிடமோ தணிந்த குரலில் நெடுநேரம் போன் பேசும் சத்தம்.

மாலையில் மேனேஜர் பையோடு வெளியே வந்தார். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்டது ஏனென்று புரியாமலே எல்லோரும் எழுந்து நின்று திருப்பிக் கும்பிட்டார்கள். டிரைவர் அவரை வீட்டில் விட வண்டியை எடுத்தார்.

வரைபடக்காரர் கம்ப்யூட்டரிடம் தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டார். ஒரு பழைய வழித்தட வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் தடித்த பேனாவால் அதே வாசகங்களைக் கையால் எழுதினார். எழுத்து கோணலாகத்தான் வந்தது. ஆனால் இது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எல்லோரும் வாசலுக்கு இறங்கி, வண்டி திரும்பி வரும்வரை காத்து நின்றார்கள். வரைபடக்காரர் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியோடு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன அண்ணே?"

"சார் வழி பூரா அழுதுட்டே வந்தார் தம்பி. தலைமை ஆபீஸுக்குப் போன் பண்ணி வேலையை விட்டுட்டாராம்."

"ஐயோ, ஏன்?"

"ஏன்னு நீங்களே கேக்கறீங்களே! 'போய் வாருங்கள், அன்புடன் நண்பர்கள் அனைவரும்'னு நீங்க அனுப்பினது அவர் திரையில மூட மூட வந்துட்டே இருந்துச்சாமே? கடைசில திரை முழுக்க வந்து மூடவே முடியலையாம்." பூஜ்ஜியம் எண் திரை என்பது மேனேஜர் மேசைமேல் இருந்த திரைதான் என்று வரைபடக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. டிரைவர் சாவியை அவர் கையில் வைத்தார். "எனக்கும் இன்னைக்குத்தான் கடைசி நாள், ஆனா அவர் குடுத்து வெச்சவர் தம்பி, போறப்போ 'போய் வாங்க'ன்னு சொல்ல இத்தனை பேர் இருக்கீங்க."