பத்தாவது கட்டம்

ஒன்பது கட்டம் வரைக்கும் பேனா வழுக்கிட்டு ஓடுச்சு. பத்தாவதுல போய் அப்படியே நின்னுடுச்சு.

பேனாவைப் பிடிச்சிருந்தவரு லிஃப்ட் மெக்கானிக். தெருவே அவரை ‘லிஃப்ட்டு’ன்னுதான் கூப்பிடும். எதிர்ல உக்காந்து ஆரஞ்சு உரிச்சிட்டிருந்தது அவரு வீட்டம்மா, ரெண்டாங்கிளாஸ் டீச்சர். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல முதல் தடவையா வெளிநாடு போறாங்க. அஞ்சு நாள். ஒரு கடல், ஒரு ரூம், ரெண்டே ரெண்டு பேரு. இதுக்குன்னே டீச்சர் ஒரே மாதிரி ரெண்டு வைக்கோல் தொப்பி வாங்கி அலமாரி மேல வெச்சு, தினமும் தூசி தட்டிட்டிருந்தாங்க.

இந்த ஃபாரமே சண்டை போட்டு வந்த ஃபாரம். ட்ராவல்ஸ்ல டிக்கெட் போட்டப்ப, அப்படியே இன்சூரன்ஸும் எடுத்துக்கோங்கன்னு கவுண்டர்ல இருந்த பொண்ணு நீட்டுச்சு. லிஃப்ட்டு வேணவே வேணாம்னுட்டாரு. ஒண்ணும் ஆகலேன்னா காசு போச்சு, ஏதாவது ஆச்சுன்னா நாமளே போயாச்சு, எந்தப் பக்கம் பாத்தாலும் நஷ்டம் நமக்குத்தான்னு அவரு வாதம். டீச்சர் பொறுமையாக் கேட்டுட்டு, ஸ்லேட்ல தப்பா எழுதின பையனைப் பாக்கற மாதிரி பாத்தாங்க.

"லிஃப்டுக்கு அடியில ஒரு பிரேக் மாட்டுறீங்களே, கயிறு அறுந்தா பிடிக்கறதுக்கு. அது எத்தனை தடவை பிடிச்சிருக்கு?"

"என் சர்வீஸ்ல ஒரு தடவைகூட இல்ல."

"அப்ப நாளைக்குப் போய் எல்லாத்தையும் கழட்டிட்டு வாங்க."

லிஃப்ட்டு ஃபாரத்தை வாங்கிட்டு வந்துட்டாரு. பேரு, வயசு, ரத்த குரூப்பு எல்லாம் எழுதியாச்சு. பத்தாவது கட்டத்துல மட்டும் இப்படி இருந்துச்சு: ‘தாங்கள் போன பிறகு பெற்றுக்கொள்பவர் பெயர் – ஒருவர் மட்டும்.’

"போன பிறகுன்னா?"னு மெல்லமாக் கேட்டாரு.

நல்ல காரியத்துக்குப் போறப்ப அந்த வார்த்தையை வாயால சொல்வானேன்னு டீச்சர் கண்ணால மட்டும் மேல காட்டினாங்க. மேல ஃபேன் சுத்திட்டிருந்துச்சு. அவங்க காட்டினது ஃபேனுக்கு ரொம்ப மேல. ஆனா ஃபேனுக்கு நேர் மேல மாடி போர்ஷன், மாடி போர்ஷன்ல லிஃப்ட்டோட அக்கா. ஓ, டீச்சரே அக்கா பேரைச் சொல்றாங்களே, என்ன மனசுன்னு உருகிப் போய் அக்கா பேரை எழுதிட்டாரு.

டீச்சர் எட்டிப் பாத்தாங்க. ஆரஞ்சு உரிக்கறது நின்னுச்சு.

"எனக்கும் தம்பின்னு ஒருத்தன் இருக்கான். செத்துட்டானா?"

சாகப்போறது நாமதானே டீச்சர்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டாரு. ஒயிட்னரை எடுத்து அக்காவை அழிச்சு, அது மேலயே மச்சான் பேரை எழுதினாரு. மச்சான் அடுத்த தெருவுல செல்ஃபோன் கடை வெச்சிருக்கான். தங்கமான பையன், பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தி.

பத்து நிமிஷத்துல அக்கா இஸ்திரிப்பெட்டியைத் திருப்பிக் குடுக்கக் கீழ வந்தாங்க. மேசை மேல ஃபாரம். எடுத்தாங்க, படிச்சாங்க, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாங்க.

"அடியில என் பேரு தெரியுதுடா. இன்னும் ரெண்டு கோட் அடிச்சிருக்கலாம்."

அவ்வளவுதான். விறுவிறுன்னு மாடியேறிட்டாங்க. அக்காவுக்குக் கோவம் வந்தா பேச மாட்டாங்க, பீரோவை நகர்த்துவாங்க. அன்னிக்கு சாயங்காலம் பூரா தலைக்கு மேல பீரோ இந்தச் சுவத்துலேந்து அந்தச் சுவத்துக்குப் போறதும், அங்க பிடிக்காம திரும்பி வர்றதுமா இருந்துச்சு.

மறுநாள் காலையில ஒன்பது மாடிக் கட்டடம் ஒண்ணோட உச்சியில, மோட்டார் ரூம்ல உக்காந்துக்கிட்டு ட்ராவல்ஸுக்கு ஃபோன் போட்டாரு. ஒரு பக்கம் மோட்டார் உறுமுது. பத்தாவது கட்டத்தைக் காலியா விடலாமாம்மான்னு கேட்டாரு.

"விடலாம் சார். ஆனா நீங்க போனப்புறம் யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியாம அது திரும்பிப் போயிடும். பாவம், நிறைய பேரு அப்படித்தான் கோட்டை விடறாங்க."

"என் ஒய்ஃப் பேரையே போட்டா?"

"அவங்களும் உங்களோட போயிடறாங்களே சார்."

லிஃப்ட்டு ஃபோனை இன்னொரு காதுக்கு மாத்திக்கிட்டாரு. எவ்வளவு வரும்னு கேட்டாரு.

"ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு பேரு போனா ரெண்டு."

"உடனே வந்துடுமா?"

"போன மாசம் ஒருத்தர் போனாரு. மூணாம் நாளே வந்துடுச்சு. அவரு மாமியார்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க. ரொம்ப நல்லா இருக்குன்னு ஃபோன் பண்ணி வேற சொன்னாங்க."

என்ன மாமியாருய்யான்னு அவரு ஃபோனையே கொஞ்ச நேரம் பாத்துட்டிருந்தாரு. ஒண்ணுன்னா என்ன ஒண்ணுன்னு அவரு கேக்கல. சாவைப் பத்தி இவ்வளவு பேசிட்டு லட்சமா கோடியான்னு கேட்டா அல்பமா இருக்கும்னு, கோடின்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. அந்த நிமிஷத்துலேந்து இன்சூரன்ஸ் மாதிரி உலகத்துல எதுவுமே இல்லைன்னு ஆயிடுச்சு அவருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இதை வேணாம்னு சொன்னவன் எவன்டான்னு அவரே கேட்டாரு. டீச்சர் பென்சில் சீவினாங்க.

விஷயம் மச்சானுக்குப் போச்சு. கடையை மூடிட்டு ஓடி வந்துட்டான். வந்ததுலேந்து மாமாவைத் தொட்டுத் தொட்டுப் பேசறான். பாசம் பொங்குது.

"மாமா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதே மாப்ளே."

"அப்ப கொஞ்சம் தள்ளியே நில்லுங்க, என்ன?"

தள்ளின்னா கடல்லேந்து தள்ளியா, கரையிலேந்து தள்ளியான்னு லிஃப்ட்டு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள, மேல பீரோ கெளம்பிடுச்சு. மாடிப்படியில நின்னு அக்கா எல்லாத்தையும் கேட்டுட்டுப் போயிருக்காங்க.

இதுக்கு மேல தாங்காதுன்னு லிஃப்ட்டு மாடிக்குப் போனாரு. அங்க அவருக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்துச்சு. பிரச்சினை என்ன? அக்கா பேரு இல்லைங்கறது. கூட வர்றவங்க பேரைப் போடவே கூடாதுன்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. அப்ப அக்காவையும் கூட்டிட்டுப் போயிட்டா, பேரு ஏன் இல்லைன்னு யாரும் கேக்கவே முடியாதே. நீயும் வாக்கான்னுட்டாரு. பீரோ பாதி வழியிலயே நின்னுச்சு. அக்கா உள்ள போய் பெட்டியை எடுத்துட்டு வந்தாங்க. அது ஏற்கனவே கட்டியிருந்துச்சு.

"வர்றேன். ஆனா ஒண்ணுடா. ரெண்டு பேரு போனா ரெண்டு, மூணு பேரு போனா மூணு. அத்தனையும் அந்தப் பையனுக்கா? அவனும் வரட்டும். எல்லாரும் போவோம், எவனுக்கும் வேணாம்."

நியாயமாத்தான் பட்டுச்சு லிஃப்ட்டுக்கு. கீழ வந்து மச்சான்கிட்ட சொன்னாரு. அவனும் மூணு கோடியை விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, நீங்க இல்லாம எனக்குக் காசு எதுக்கு மாமான்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டே, தனக்கும் மாடி அக்காவுக்கும் ஃபோன்லயே ரெண்டு டிக்கெட் போட்டான். கேன்சல் பண்ண முடியாத டிக்கெட். அதுதான் சீப்பாம். அப்படியே ஓட்டல் ரூமையும் நாலு கட்டில் ரூமா மாத்திட்டான். ஜன்னல் ஓரக் கட்டில் தனக்குத்தான்னு அக்கா மாடியிலேந்தே சொல்லிட்டாங்க.

டீச்சர் நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலேந்து ரெண்டு தொப்பியையும் எடுத்தாங்க. ஒண்ணைப் பெட்டியில வெச்சாங்க. இன்னொண்ணை அலமாரிக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தினாங்க.

"ஏங்க, லிஃப்ட்ல ஆளு ஜாஸ்தி ஏறினா கீங்கீங்னு ஒரு சத்தம் வருமே. அதை வீட்டுக்கு மாட்ட முடியாதா?"

லிஃப்ட்டு நாற்காலியை எடுத்து ஓரமாப் போட்டாரு.

"பதினோரு வருஷத்துல அஞ்சு நாள்தான் கேட்டேன்."

கத்தியிருந்தா பரவாயில்ல. கிளாஸ்ல வருகைப் பதிவு எடுக்கற மாதிரி, சத்தமே போடாம சொன்னாங்க. அதுதான் லிஃப்ட்டைப் போட்டு அறுத்துச்சு. இந்தப் பாழாப்போன கட்டம் இல்லாம இருந்திருந்தா ரெண்டு தொப்பியும் பெட்டிக்குள்ள இருந்திருக்கும். இன்சூரன்ஸே வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டா, அக்காவையும் மச்சானையும் கையில கால்ல விழுந்தாவது நிறுத்திடலாம்னு நெனச்சாரு.

ஆனா தனியாப் போக முடியல. அவரு யாரு பேரையோ ரகசியமா எழுதிடுவாருன்னு அக்காவுக்குச் சந்தேகம், அக்கா எழுத வெச்சிடுவாங்கன்னு மச்சானுக்குச் சந்தேகம். டீச்சரும் லீவு போட்டுட்டு வந்தாங்க, கடைசியா என்னதான் ஆகுதுன்னு பாக்க. நாலு பேரும் ட்ராவல்ஸ் ஆபீஸ்ல ஒரே பெஞ்சுல நெருக்கிக்கிட்டு உக்காந்தாங்க.

லிஃப்ட்டு ஃபாரத்தைக் கவுண்டர்ல வெச்சாரு. ஒயிட்னர் அடிச்சு அடிச்சுப் பத்தாவது கட்டம் மட்டும் சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி மொத்தையா இருந்துச்சு.

"இது வேணாம்மா. ரெண்டு பேரு போறதா இருந்துச்சு, இப்ப நாலு பேரும் போறோம். நாங்க போனப்புறம் அந்தக் கோடியை வாங்க எங்க வீட்ல ஆளே இல்ல."

"எந்தக் கோடி சார்?"

"ஆளுக்கு ஒண்ணுன்னு நீதானேம்மா சொன்னே?"

அந்தப் பொண்ணு ஃபாரத்தைப் பாத்துச்சு, பெஞ்சைப் பாத்துச்சு, மடியில பெட்டியோட உக்காந்திருந்த அக்காவைப் பாத்துச்சு.

"சார், அது பாலிசியோட இலவசமா வர்ற கழுத்துத் தலையணை, கூரியர்காரன் எப்பவும் நீங்க ஃப்ளைட் ஏறிப் போனப்புறம்தான் கொண்டு வருவான், அதை வாங்கி வைக்க ஒரே ஒரு ஆளு பேரு கேட்டா இப்படிக் குடும்பத்தோட கெளம்பிட்டீங்களே."