ஸமட் தெரிந்தெடுத்த ஹீட்டர்

ஹீட்டர் வாங்கக் கூடாது. வாங்க மாட்டேன் என்று வாயால் சொல்லவும் கூடாது. அப்துல் ஸமட் எடுத்த மகா தீர்மானம் இதுதான்.

காரணம், அவருடைய நித்திரை. விடியற்காலை ஸுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பெண்சாதி ஸுல்பிகா தட்டி எழுப்புவாள். "தண்ணி ஐஸ் மாதிரிக் கிடக்கு புள்ள. கை கால் கழுவி உளூச் செய்தா சளி நெஞ்சுல கட்டிரும்" என்று முனகிப் போர்வைக்குள் சுருண்டுகொள்வார். ஏதோ ஒரு மாரிகாலத்தில் பிறந்த சாக்கு அது. கல்முனை வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்திலும் சாகாமல் நின்றுபிடித்தது. அப்படிப்பட்ட சாக்கை ஒரு ஹீட்டர் வந்து கொன்றுவிட்டால்?

இந்த மாரி தொடங்கியதும் ஸுல்பிகா ஹீட்டர் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. வீடு அவளுடைய சீதன வீடு. அக்கரைப்பற்றிலிருந்து ஒற்றைச் சூட்கேசோடு வந்து குடியேறிய மாப்பிள்ளை, சுவரில் ஓர் ஆணி அடிப்பதானாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். ஆகவே, "ஓம், வாங்குவம். ஆனா பார்த்துத் தெரிஞ்செடுக்க வேணும்" என்றார். தெரிந்தெடுத்துக்கொண்டே மாரியைக் கடத்திவிடலாம். என்ன மூளை!

செல்லத்தம்பியின் மின்சாமான் கடைக்குள் கால் வைத்ததுமே ஸுல்பிகா வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன ஹீட்டரைக் காட்டினாள்.

"இது வடிவா இருக்கு."

"வடிவு பார்க்க இது என்ன பொம்புளயா? தண்ணியும் கரண்டும் ஒரே பெட்டிக்குள்ள! குளிக்கப் போறவன் கபன் துணியையும் கையோட கொண்டு போக வேணும்."

"அப்ப தண்ணித் தாங்கி வெச்ச பெரிசு இருக்கு, ஸமட் நானா" என்றார் செல்லத்தம்பி.

"இந்தப் பாரத்த என்ட வீட்டுச் சுவர் தாங்குமா?"

"ஆர்ர வீட்டுச் சுவர்?" என்றாள் ஸுல்பிகா.

ஸமட் இருமினார். "உன்ட சுவர்தான் புள்ள. உன்ட சுவருக்காகத்தானே நான் இந்தப் பாடு படுறன்."

"கேஸ்ல சூடாகிறது?"

"வெடிச்சா மையித்தத் தூக்க நீங்க வருவீங்களா, செல்லத்தம்பி அண்ணன்?"

"சோலர்?"

"மாரியில சூரியன ஆர் கொண்டுவாற? உங்கட கடையில அதுவும் விக்கிறீங்களா?"

பல்பு வாங்க வந்த, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். "ஸமட் நானா, உங்கள ஸுபஹுல கண்டு கன காலம்" என்றார்.

கேட்க ஆள் கிடைத்தால் ஸமட்டுக்கு நாக்கு நிலத்தில் நிற்காது. "அதுக்குத்தான் மோதினார் இந்த அலைச்சல்! கரண்டும் இல்லாம, கேஸும் இல்லாம, வெயிலும் இல்லாம தண்ணி சூடாக்குற சாமான் ஒண்டு ஆராவது காட்டட்டும். வல்லாஹி, அண்டையிலருந்து நான் ஸுபஹுக்கு முதல் சஃபுல!"

"மாஷா அல்லாஹ்" என்றார் மோதினார்.

ஸமட் கோட்டையைப் பிடித்த ராசாவைப் போல வெளியே போய் மோட்டார் சைக்கிளில் ஏறினார். ஸுல்பிகா செல்லத்தம்பியிடம் என்னவோ மெல்லக் கதைத்துவிட்டு ஆறுதலாக வந்தாள்.

அடுத்த நாள் பாங்கு சொல்ல முன்னரே அவரை எழுப்பியது புகை.

"எழும்புங்க. உங்கட ஹீட்டர் வந்திட்டு."

குசினிக்குப் பின்னால் மூன்று கல். மேலே பெரிய பானை. கீழே தேங்காய்ப் பொச்சுமட்டை திகுதிகு என்று எரிந்தது.

"கரண்ட் இல்ல. கேஸ் இல்ல. வெயிலும் இல்ல" என்றாள் ஸுல்பிகா. "மோதினார் பார்த்துக்கொண்டு நிப்பாரு. ஓடுங்க."

வல்லாஹி என்று சத்தியம் பண்ணிய வாய். போனார். முன் வரிசையில், முதல் சஃபில் நின்று கொட்டாவியை விழுங்கினார்.

வீடு திரும்பியதும் அடுத்த இடி. "நாளைக்கு நெருப்பு நீங்கதான் மூட்ட வேணும். புகை எனக்கு ஒத்துக்கொள்ளுதில்ல."

"என்ன கத புள்ள இது? அதுக்கு நான் பாங்குக்கும் முந்தி எழும்ப வேணுமே!"

"ஓம். இல்லாட்டிப் பச்சத் தண்ணியில செய்யுங்க."

பச்சைத் தண்ணீரில் செய்தால் இத்தனை மாரியாக வளர்த்த சளிக்கதை பொய்யாகிவிடும். பாவம், ஊதினார். நனைந்த பொச்சுமட்டை எரியுமா? ஊத ஊதக் கண்ணும் மூக்கும்தான் எரிந்தன. மழை தூறியது. தாடியில் சாம்பல். மோதினார் ஒருநாள், "என்ன நானா, தொழுகையில இப்புடி அழுறீங்க!" என்று மெச்சினார்.

அதற்கு மேல் ஸமட்டால் முடியவில்லை. ஸுல்பிகாவுக்குச் சொல்லாமல் செல்லத்தம்பியின் கடைக்குப் போனார். கண் சிவந்திருந்தாலும் கௌரவத்தை விடுவாரா? ஒவ்வொரு ஹீட்டராகத் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார். கடைசியில் அந்த வெள்ளைச் சின்னதன் முன்னால் நின்றார்.

"நல்லா ஆராய்ஞ்சு பார்த்துத்தான் சொல்றன். இதுதான் சரியான சாமான். வீட்டுல உள்ளவங்களுக்கு இதெல்லாம் விளங்காது."

செல்லத்தம்பி மேசைக்குக் கீழே குனிந்து, கட்டிவைத்திருந்த பெட்டியொன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

"தங்கச்சி அண்டைக்கே எடுத்துக் கட்டி வெக்கச் சொன்னவ. நீங்க நேத்தே வருவீங்க எண்டுதான் சொன்னவ நானா, ஏன் பிந்தினீங்க?"