நாற்பது படங்களும் ஒரு வெறுங்கதிரையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்காவின் மாமியாரை இல்லாமல் ஆக்கியவன் நான்தான். கத்தி, நஞ்சு ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு கமராவும் ஒரு மடிக்கணினியும் போதுமாக இருந்தன. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது படம் எடுக்கப் போனால், எல்லோரும் முதலில் நான் எங்கே நிற்கிறேன் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையின் கதை இது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருகோணமலை நகரில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பெற்றோலுக்கு ஒரு வரிசை, சமையல் காஸுக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் மின்வெட்டு என்று நாடே தள்ளாடிய காலம். கரண்ட் இல்லாமல் கணினி வகுப்பு எப்படி நடக்கும்? (கரும்பலகையில் விசைப்பலகையைக் கீறி, அதில் விரலை வைத்துப் பழகச் சொன்னேன். மூன்றாம் நாள் ஒருவரும் வரவில்லை.) ஊரே புழுங்கிக்கொண்டு திட்டியபோது நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன். வெளியில் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

காரணம், வானத்தைப் படம் பிடிக்கிற பைத்தியம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சரியான இருட்டு கிடைப்பதில்லை. கப்பல் வெளிச்சம், இறங்குதுறை வெளிச்சம், தெரு வெளிச்சம் எல்லாம் சேர்ந்து வானத்தை வெளிறச் செய்துவிடும். மின்வெட்டு வந்த பிறகுதான் எங்கள் மொட்டைமாடியில் நின்று, தெற்கே குடாவுக்கு மேலே கரீனா என்கிற நட்சத்திர முகிலை முதன்முதலாகக் கண்டேன். வெறுங்கண்ணுக்கு ஒரு சின்ன வெள்ளைக் கறை, அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது உண்மை. அந்த இருட்டை இப்போதும் தேடுகிறேன்; திரும்பக் கிடைக்கவில்லை, கிடைக்க வேண்டும் என்று வாய்விட்டு ஆசைப்படவும் ஏலாது.

கண்ணுக்குக் கிடைத்தது கமராவில் கிடைக்கவில்லை. இருட்டில் எடுக்கிற படத்தில் மணலைத் தூவினமாதிரி சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் வரும். எங்கள் ஊர் வெக்கைக்குக் கமராவின் உட்பகுதியும் சூடாகிவிடும். சூடு ஏற ஏறப் புள்ளி கூடும். இதற்கு ஒரு மருந்து உண்டு. ஒரே வானத்தை நாற்பது தடவை எடுக்கவேண்டும். நாற்பதையும் ஒரு மென்பொருளிடம் கொடுத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும். நட்சத்திரம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும், அது மெய். புள்ளி படத்துக்குப் படம் இடம் மாறும், அது பொய். மாறாததை வைத்துக்கொண்டு மாறுவதை எறிந்துவிடும். எறிந்தவற்றை எல்லாம் சேர்த்து இன்னொரு கோப்பாகப் பக்கத்தில் போட்டுவைக்கும். குப்பைக்கூடையை யார் திறந்து பார்ப்பார்கள்? நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் ஜெனிற்றா அக்காவுக்கு மோதிரம் மாற்றுகிற நாள் வந்தது. மாப்பிள்ளை அன்ரன் அத்தான் சீனன்குடாவைச் சேர்ந்தவர். அவருடைய தாய் பிலோமினா மாமி, தகப்பன் சவரி மாமா, இன்னும் நாலைந்து பேர் ஒரு வான் வண்டியில் நெருங்கியடித்து வந்து இறங்கினார்கள். வரவேண்டிய படப்பிடிப்பாளர் மட்டும் வரவில்லை. மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இல்லையாம்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"உன்னட்டைப் பெரிய கமரா கிடக்குதெல்லோ. அது நட்சத்திரத்தை மட்டும்தான் பிடிக்குமோ, மனுசரையும் பிடிக்குமோ?"

மோதிரம் மாற்றி முடிந்த கையோடு கரண்ட் போய்விட்டது. மேசையில் இரண்டு மெழுகுதிரி, மூலையில் ஒரு சார்ஜர் லாம்பு. மின்விசிறி நின்றதும் அறை அவியத் தொடங்கியது. எல்லோரையும் இரண்டு வரிசையாகக் கதிரைகளில் இருத்தினேன்.

"பிளாஷ் அடிச்சு ஒண்டு எடுமன், தம்பி" என்றார் அன்ரன் அத்தான்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னையே அறையவேண்டும்போல இருக்கிறது. "பிளாஷ் அடிச்சா முகமெல்லாம் சுண்ணாம்பு பூசினமாதிரி வரும், அத்தான். நான் நாற்பது எடுத்து ஒண்டாச் சேர்க்கப் போறன். ஒரு புள்ளி இராது."

"நாற்பதோ?" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தா.

"ஒருத்தரும் அசையப்படாது. நட்சத்திரம் மாதிரி இருங்கோ."

முன்வரிசைக் கரையில் பிலோமினா மாமி, பக்கத்தில் சவரி மாமா. மாமா ஒரு கையை மாமியின் கதிரை முதுகில் போட்டார். மூன்றாவது படத்துக்குள் அப்படியே நித்திரையாகிவிட்டார். என் தொழில் வாழ்க்கையில் அவரைப்போல ஒத்துழைப்புத் தந்தவர் வேறு யாரும் இல்லை. நான் முக்காலியில் பூட்டிய கமராவின் பின்பக்கத் திரையில் ஏறும் இலக்கத்தை மட்டும் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கதிரையை அரக்கி நகர்த்தும் சத்தம் கேட்டபோதெல்லாம் "மாமி, அசையாதேங்கோ" என்று தலையைத் தூக்காமலே சொன்னேன். நாற்பது முடிய நன்றாகப் பத்து நிமிடம் ஆனது.

அன்றிரவே, மடிக்கணினியில் பற்றரி சாவதற்குள் நாற்பதையும் சேர்த்தேன். வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதைப் பார்த்தேன் தெரியுமா? பின்சுவரை. இருட்டான மூலைகளில்தானே புள்ளி மறைந்திருக்கும்! சுவரை அங்குலம் அங்குலமாகச் சோதித்தேன். ஒரு புள்ளி இல்லை. அப்படி ஒரு சுத்தமான சுவரை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. அந்தப் புளுகத்தில், தலைகால் தெரியாத சந்தோஷத்தில், கமரா அட்டையிலிருந்த நாற்பது படங்களையும் அழித்துவிட்டு, கரீனாவைப் பிடிக்க மொட்டைமாடிக்கு ஓடினேன்.

அடுத்த நாள் டவுனில் உள்ள ஒரு ஸ்ரூடியோவில் பெரிதாக அச்சிடக் கொடுத்தேன். ஸ்ரூடியோக்காரர் படத்தைக் கன நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்ல மரச்சட்டமாப் போடுறன் தம்பி. மேலே மாலை கொளுவ ஒரு கொக்கியும் வைச்சுத் தாறன்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் திடீர் மகிழ்ச்சியாக இருக்கட்டுமென்று பிரவுண் தாளில் சுற்றி, ஒட்டி, வீட்டில் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.

கத்தோலிக்கரான எங்களுக்குள் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பங்குச் சுவாமி கேட்பார். இரண்டாவது ஓலையும் வாசித்து முடிந்த பின்னேரம், அப்பாவும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் சீனன்குடாவுக்குப் போனோம். படம் என் கரியரில் சைக்கிள் ரியூப் போட்டுக் கட்டியிருந்தது.

தேத்தண்ணி வந்தது. மாமி ஆசையோடு தாளைக் கிழித்தா. மாமா கண்ணாடியைப் போட்டார். அன்ரன் அத்தான் எட்டிப் பார்த்தார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

அப்போதுதான் நானும் முதன்முறையாக அந்தப் படத்தை, அதாவது சுவரைத் தவிர மற்ற இடங்களை, பார்த்தேன். அக்கா இருந்தா. அத்தான் இருந்தார். அப்பா இருந்தார். அம்மாவுக்கு வலக்கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது (காதுக்குள் இரைந்த நுளம்பைக் கலைத்திருக்கிறா). முன்வரிசைக் கரையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. கதிரையின் மேல் மாமியின் கைப்பை. அதன் முதுகில் கையைப் போட்டபடி, கண்ணை மூடி, தாங்கமுடியாத துக்கத்தில் இருப்பவரைப்போல சவரி மாமா. படத்தின் உச்சியில் மாலைக்கு ஒரு கொக்கி.

"நான் எங்க?" என்றா மாமி.

ஒரு பூனை குறுக்கே போனால் பாதி வழியில் திரும்பி வருகிறவ என்று மாமியைப் பற்றி அக்கா முன்பே சொல்லியிருந்தா. அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் விளக்கம் சொன்னேன்.

"அது மாமி... நீங்கள் அசைஞ்சு போட்டியள். அசையிறது ஒண்டும் உண்மையில்லை எண்டு கணினி நினைக்கும். தேவையில்லாததெண்டு எடுத்து எறிஞ்சு போடும்."

"அப்ப நான் தேவையில்லாத ஆளோ?"

இந்த இடத்தில் சவரி மாமா சிரித்துவிட்டார். சாதாரணச் சிரிப்பு இல்லை. தேத்தண்ணி மூக்கால் வந்தது. "இத்தனை வருசம் நான் சொல்லப் பயந்து கிடந்ததை ஒரு கமரா சொல்லிப்போட்டுது" என்றார்.

மாமி எழும்பிக் குசினிக்குள் போனா. கதவு சாத்துப்பட்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அன்ரன், மூண்டாம் ஓலையை வாசிக்க வேண்டாமெண்டு சுவாமிட்டைச் சொல்லு. நான் செத்தமாதிரிப் படம் கீறிக் கொண்டுவந்து தாற இடத்தில எனக்குச் சம்பந்தம் வேண்டாம்."

திரும்பும் வழி முழுக்க அப்பா எனக்கு முன்னாலேயே மிதித்தார். வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "நட்சத்திரத்தோடையே நிண்டிருக்கலாம் நீ" என்றார். அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

அக்கா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கலியாணச் சாறிக்கு மணி கோத்துக்கொண்டிருந்தவ ஊசியைக் கீழே வைத்தா.

"அண்டைக்கு எனக்குத் தலை சுத்தினது தெரியுமோ உனக்கு? காலையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை, அந்தப் புழுக்கம் வேற. விழப்போறன் எண்டு நினைச்சன். மாமி தான் எழும்பி எழும்பி வந்து விசிறினவ. தண்ணி கொண்டுவந்து தந்தவ. நீ அசையாதேங்கோ அசையாதேங்கோ எண்டு கத்த, 'அவன் கிடக்கிறான், நீ குடி பிள்ளை' எண்டவ. அவவைப் போய் அழிச்சு வைச்சிருக்கிறாய்."

எனக்கு அது தெரியாது. பத்து நிமிடம் அவர்களுக்கு முன்னாலேயே நின்றிருந்தும் எனக்குத் தெரியாது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அழித்த படங்களை மீட்கப் பார்த்தேன். கமரா அட்டையில் அவை இருந்த இடமெல்லாம் கரீனா நிறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் வந்தபோது, சும்மா வெறிபிடித்து மடிக்கணினியைக் கிளறிக்கொண்டிருந்த என் கண்ணில் அந்த இரண்டாவது கோப்பு பட்டது. குப்பைக்கூடை. திறந்தேன்.

கறுப்புப் பின்னணி. சுவர் இல்லை, கதிரை இல்லை, அக்கா இல்லை, யாருமே இல்லை. மாமி மட்டும் இருந்தா. ஒரு மாமி இல்லை, பதினொரு மாமி. புகைபோல மெல்லியதாக, ஆனால் தெளிவாக. ஒரு மாமி விசிறியோடு குனிந்து நின்றா. ஒரு மாமி தண்ணீர்க் கோப்பையை நீட்டினா. ஒரு மாமி சேலைத் தலைப்பால் யாருடைய நெற்றியையோ துடைத்தா. ஒரு மாமி சரிகிற மெழுகுதிரியை நிமிர்த்தினா. இன்னொரு மாமி, நித்திரையில் ஒருபக்கம் விழப்போன மாமாவின் தோளை முட்டுக்கொடுத்தா. (என் சிறந்த ஒத்துழைப்பாளர் அசையாமல் இருந்த மர்மம் அதுதான்.) மூலையில் துண்டாக ஒரு கை கிடந்தது. அது அம்மாவுடையது.

சனிக்கிழமை காலை மடிக்கணினியை முதுகில் போட்டுக்கொண்டு தனியாகச் சீனன்குடாவுக்கு மிதித்தேன். மாமி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நின்றா. என்னைக் கண்டதும் முகம் இறுகியது.

"இப்ப ஆரை அழிக்க வந்தனீ?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி. இதை ஒருக்கால் பாருங்கோ. பிறகு என்னை அடிச்சுக் கலையுங்கோ."

கையைச் சேலையில் துடைத்துவிட்டு மாமி திரையைப் பார்த்தா. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினா. பதினொன்றில் நின்றா. மாமா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார், இந்தமுறை சிரிக்கவில்லை.

"இதில நான் ஒரு இடத்திலயும் இருக்கேல்லையே" என்றா மாமி. "எல்லாத்திலயும் நிக்கிறன்."

"ஒரு இடத்தில இருந்து களைப்பாறும் எண்டு எத்தினை வருசமாச் சொல்லுறன்" என்றார் மாமா, மெதுவாக.

மாமி விசிறியோடு நிற்கிற தன் உருவத்தில் விரலை வைத்தா. "இது ஜெனிற்றாவுக்கு விசிறினது. பிள்ளைக்கு முகம் வெளிறிப் போச்சு. எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. நீ உன்ரை அக்காவையே பாக்கேல்லை, தம்பி."

"ஓம் மாமி."

"இனிப் பார்."

"ஓம் மாமி."

கொஞ்ச நேரம் மிளகாயைக் கிளறினா. பிறகு தலையைத் திருப்பாமல் உள்ளே கூப்பிட்டுச் சொன்னா: "அன்ரன்! சுவாமியைப் போய்ப் பார். நாளைக்கு ஓலையை வாசிக்கட்டும்." என் பக்கம் திரும்பி, "இதையும் அச்சடிச்சுக் கொண்டுவா. அதே அளவில. கொக்கி வேண்டாம்" என்றா.

அவர்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்றில் மாமி இல்லாத குடும்பம், மற்றதில் குடும்பம் இல்லாத மாமி. வருகிறவர்களுக்கெல்லாம் மாமி விளக்கம் சொல்லுவா, என்னை விரலால் சுட்டிக்காட்டித்தான். படம் எடுக்கிறபோது யாராவது நெளிந்தால், "அசையாதை, தம்பி அழிச்சுப்போடுவான்" என்று ஒரு குரல் எப்படியும் எழும்பும். சுவாமிகூட ஒருமுறை சொல்லிவிட்டார்.

போன மாதம் அக்காவின் மகளுக்கு ஞானஸ்நானம். குடும்பப் படத்துக்கு மாமி முன்வரிசையில் வந்து அமர்ந்தா. கையை மடியில் வைத்து, மூச்சைப் பிடித்து, இந்தமுறை அசைவதில்லை என்கிற வீறாப்போடு இருந்தா. நான் விசையில் விரலை வைத்த நொடியில், அக்காவின் மடியில் குழந்தை வீரிட்டது.

"அழிச்சால் அழி!" என்று சொல்லிக்கொண்டே மாமி எழும்பிவிட்டா.

ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். கோயிலுக்குள் வெளிச்சம் போதாது. படம் முழுக்கப் புள்ளி. நடுவில் கலங்கலாக, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மாமி. அந்தப் படத்தில் நான் ஒரு புள்ளியையும் எடுத்து எறியவில்லை.