தொண்டை திரும்பிய சேதி

கடலூர் முதுநகர்
7.2.2010

கிள்ளையில் படகும் வலையுமாக நலமோடு விளங்கும் அருமை மச்சான் பொன்னுரங்கத்துக்கு, உன் அக்காள் புருஷன் கண்ணாயிரம் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காள் இருசம்மாளும் சுகம். உங்கள் சுகத்தைக் கடல்தாய் காக்கட்டும்.

நிற்க. ஜெயித்துவிட்டேன் மச்சான்! போன கத்திரி வெயிலில் ஊரே வேர்வையில் குளிக்க, நான் கம்பளி போர்த்திக் கிடந்தது உனக்குத் தெரியும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து துறைமுகத்துக்குப் போனால் முகம் வீக்கம், நின்றபடியே தூக்கம், குரலோ தவளை. ‘ஆயிரத்து’ என்று ஆரம்பித்து ‘இருநூறு’ என்று நான் முடிப்பதற்குள் வியாபாரி ஆயிரத்துக்கே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இத்தனை வருஷம் மீன் ஏலம் கூறிய என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, நேற்று ஏலத்துக்கு வந்த இளவட்டம் தங்கராசுவைக் கூறச் சொன்னார்கள். “பெரியவரு ரெஸ்ட் எடுக்கட்டும்”னு சொன்னான் அவன். எனக்கு நாற்பத்தெட்டு வயசு!

உன் அக்காள் என்னைச் சிதம்பரத்துக்கு இழுத்துப்போய் பிரிசில்லா டாக்டரம்மாவிடம் நிறுத்தினாள். ரத்தம் எடுத்தார்கள். “தைராய்டு கம்மியா சுரக்குதுங்க” என்றார்.

“அது பொம்பளைங்க வியாதியாச்சே?”

“ஆம்பளைக்கும் கழுத்து இருக்குல்ல?”

டி.எஸ்.எச். என்று ஒரு கணக்காம். நாலுக்குள் இருக்க வேண்டியது எனக்கு நாற்பது. ‘பத்து மடங்கா!’ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். “இது மார்க் இல்லீங்க. சுரப்பி தூங்குது. அத எழுப்ப மூளை போடுற கூச்சல்தான் இந்த நம்பர். இது எறங்கணும்” என்று மாத்திரை எழுதினார். அதை நான் துறைமுகத்து டீயோடு விழுங்கிக்கொண்டே வந்தேன். மறுபடி ரத்தம் எடுத்தால் நம்பர் அசையவே இல்லை. “எதுல போடுறீங்க?” “டீயிலதான்.” டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “வெறும் வயித்துல, வெறும் தண்ணியில போடுங்க. டீ ஒரு மணி நேரம் கழிச்சு.”

டீ வாசனையில் நின்றுகொண்டு டீ குடிக்காமல் இருப்பது புயலில் நங்கூரம் போடுவது மாதிரி மச்சான். ஆனா போட்டேன்ல! கொஞ்சம் கொஞ்சமா வீக்கம் வடிஞ்சுது, கம்பளி பெட்டிக்குள்ள போச்சு. ஒருநாள் கூடையில் வாய் வைத்த பூனையை அதட்டினேன். பூனையோடு நாலு வியாபாரிகளும் ஓடினார்கள்! போன வாரம் நம்பர் மூணு. “அப்ப மாத்திரைய நிறுத்திடலாமா?”ன்னு கேட்டேன். “மாத்திரையாலதான் நல்லா இருக்கீங்க, நிறுத்தாதீங்க” என்றார். மறுநாள் படகுகளுக்குப் பெரிய பாடு, கூடை கூடையாக வஞ்சிர மீன். தங்கராசுவே ஒதுங்கி நின்று, “நீங்களே கூறுங்க மாமா” என்றான். கூறினேன் பார், உப்பனாற்றுக்கு அக்கரையிலிருந்து ஒருத்தன் விலை கேட்டான்!

உன் வலை நிறையட்டும், உன் வீட்டில் சிரிப்பு நிறையட்டும். குழந்தைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
வெங்கலக் குரலோன் கண்ணாயிரம்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் தொண்டை சுத்தமாக அடைத்துவிட்டது. பயப்படாதே. டாக்டரம்மா பார்த்துவிட்டு, “தைராய்டு ஜோரா இருக்கு. கண்டவங்க கிட்டல்லாம் தைராய்டு கதைய இப்புடி கத்திக் கத்திச் சொன்னா தொண்டை என்னத்துக்காவும்? ஒரு வாரம் வாயே தொறக்கக் கூடாது” என்றுவிட்டார். கடிதம் கண்டதும் முதல் பஸ் ஏறி வா. ஏலம் நீதான் கூற வேண்டும். தங்கராசு கேட்டால் மாமா மௌன விரதம் என்று சொல்.